ஓட்டுக்கு விடுங்க

போன மாதம் டெல்லியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். நாடாளுமன்றத்தில் நான் பார்த்த வேலையை இப்போது பார்ப்பவள். உறுப்பினர் தமிழில் பேசப் பேச, கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து அதை ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே போகிற வேலை.

"மேடம், இனிமே கொஞ்சம் கொஞ்சமா மெஷினே இதைப் பண்ணிடுமாம். அதுக்கு முன்னாடி சீனியர்ஸோட அனுபவமெல்லாம் தொகுக்கலாம்னு இருக்கோம். சபையில உங்களால மறக்க முடியாத ஒரு நாளைப் பத்தி எழுதிக் கொடுங்க. கொஞ்சம் நல்ல விதமா இருக்கட்டும் மேடம்" என்றாள்.

நல்ல விதமாக என்றால் எனக்குத் தெரியும். மக்களாட்சியின் கோயில், மாண்புமிகு உறுப்பினர்கள், ஆழமான விவாதம். இந்தச் சொற்களெல்லாம் பணிக்காலம் முழுக்க என் காது வழியாக வந்து வாய் வழியாக ஆங்கிலமாகப் போனவை. சம்பளத்துக்காகச் சொன்னதை ஓய்வு பெற்ற பிறகு தருமபுரியில் உட்கார்ந்துகொண்டு இலவசமாகச் சொல்ல வேண்டுமா? மெஷின் வரட்டும். அதற்குச் சிரிப்பை அடக்கிக்கொள்ள வேண்டிய தொல்லை இல்லை. பொய் என்று தெரிந்ததை "நான்" என்று ஆரம்பித்துச் சொல்லும்போது அதற்கு நாக்கு கசக்காது.

அந்த "நான்" பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் வேலையில் "உறுப்பினர் இப்படிச் சொல்கிறார்" என்று சொல்லக்கூடாது. அவர் "நான் ஏழை விவசாயியின் மகன்" என்றால் நானும் "நான் ஏழை விவசாயியின் மகன்" என்றுதான் சொல்ல வேண்டும். அவர் அழுதால் நான் அழ வேண்டியதில்லை. ஆனால் அவர் சொன்னதில் ஒரு சொல் கூடக்கூடாது, குறையக்கூடாது, அழகாகவும் ஆகிவிடக்கூடாது. பென்னாகரம் பக்கத்தில் வீட்டில் கன்னடமும் தெருவில் தமிழும் பேசி வளர்ந்தவள் நான். ஆங்கிலத்தைக் கல்லூரியில் அடித்துப் பிடித்துப் படித்தேன். தேர்வு எழுதி டெல்லிக்குப் போனேன். பயிற்சியில் பழைய ஒலிப்பதிவுகளைக் கேட்டுக்கேட்டுக் காது மரத்தது. பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான் உண்டு.

மிச்சத்தைக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் பிரிவின் தலைவர் பானர்ஜி. ஒல்லியான, சுருக்கமில்லாத சட்டை போடுகிற மனிதர். குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது கண்ணாடி அறைக்குள் சத்தமில்லாமல் நுழைந்து பின்னால் நிற்பார். ஒரு ஹெட்போனை எடுத்து இடது காதில் மட்டும் வைத்துக்கொள்வார். ஒரு காதில் மூலப் பேச்சு, இன்னொரு காதில் எங்கள் ஆங்கிலம். பாராட்டு என்ற ஒன்று அவரிடம் கிடையாது. புதிதாகச் சேர்ந்தபோது ஓர் உறுப்பினர் தட்டுத் தடுமாறி உளறிக் கொட்டியதை நான் கோர்வையான ஆங்கிலமாக்கிச் சொல்லிவிட்டேன். பெருமையோடு வெளியே வந்தேன். பானர்ஜி மிகவும் மரியாதையாகச் சொன்னார்: "அவர் அவ்வளவு நன்றாகப் பேசவில்லையே."

அதன் பிறகு நான் யாரையும் நன்றாகப் பேச வைத்ததில்லை.

இனி அந்த நாள். ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். கட்சியின் பெயரைச் சொல்ல மாட்டேன். எந்தக் கட்சி என்று ஊகிக்க வேண்டாம். எதை ஊகித்தாலும் பொருந்தும்.

அன்று மதியம் ஒரு திருத்த மசோதா வாக்கெடுப்புக்கு வரவிருந்தது. மலைப்பகுதியில் காட்டு நிலத்தை ஏதாவது திட்டத்துக்கு எடுப்பதென்றால் அங்கே குடியிருக்கிறவர்களின் ஒப்புதலை முதலில் வாங்க வேண்டும் என்று சட்டத்தில் இருந்தது. அதை "கலந்தாலோசித்து" என்று மாற்றுவதுதான் மசோதாவின் உயிர். மற்ற பக்கங்களெல்லாம் சும்மா சுற்றிக் கட்டிய துணி. ஒப்புதல் என்றால் அவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம். கலந்தாலோசனை என்றால் அவர்கள் வேண்டாம் என்று சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டால் போதும். மொழிபெயர்ப்பு வேலையில் இருப்பவளுக்கு இந்த மாதிரி வித்தியாசம் உடனே கண்ணில் படும். சட்டம் இயற்றுகிறவர்களில் பலர் கண்ணில் அது படவேயில்லை. பட்ட சிலருக்குப் பேச வாயில்லை.

சபை கூடுவதற்கு முன் ஓர் அம்மா எங்கள் அறையைத் தேடிக்கொண்டு வந்தார். செண்பகம் என்று வைத்துக்கொள்வோம். எங்கள் தருமபுரிப் பக்கத்து மனுஷி. சித்தேரி மலையில் அங்கன்வாடிப் பணியாளராக இருந்தவர். கணவர் கட்சியில் பெரிய பொறுப்பில் இருந்து திடீரென்று இறந்துபோக, அனுதாப ஓட்டு விழும் என்று இவரை நிறுத்தினார்கள். விழுந்தது. அதற்குப் பிறகு இவர் பேசுவார் என்று கட்சியில் யாரும் எதிர்பார்க்கவில்லை. கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில் போடுவார், கை தட்டச் சொன்னபோது தட்டுவார் என்று நினைத்திருந்தார்கள்.

"நீங்கதான் தமிழ எடுத்துச் சொல்றவங்களா? இன்னிக்கு நான் பேசறங்க. தமிழ்லதான் பேசுவேன்னு நேத்தே எழுதிக் குடுத்துட்டங்க" என்றார்.

எழுதி வைத்துப் படிக்கப் போகிறாரா, அப்படியானால் ஒரு பிரதி கிடைக்குமா என்று கேட்டேன். அது எங்கள் வழக்கம்.

"எழுதி வெச்சுப் படிச்சா எனக்கு வராதுங்க. சின்ன விஷயம்தான். அந்த மசோதாவுல ஒரு வார்த்தைய மாத்தணும்னு திருத்தம் குடுத்திருக்கறங்க. பழையபடி ஒப்புதல்னே இருக்கட்டும்னு."

எனக்கு ஆச்சரியம். "உங்க கட்சியில தெரியுமாங்க?"

"எல்லாருக்கும் குடுக்கற தாள்ல அச்சடிச்சு வந்திருக்குதுங்களே. படிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும்." சிரிக்காமல்தான் சொன்னார். பிறகு மேசைமேல் இருந்த ஹெட்போனைக் காட்டி, "நான் சொல்றது அந்தச் சபைத் தலைவர் காதுக்கு எப்படிங்க போவும்?" என்று கேட்டார்.

"உங்க மைக்ல வர்றது என் காதுக்கு வரும். நான் சொல்ற இங்கிலீஷ் அவர் காதுக்குப் போகும்."

"அப்ப அவருக்குக் கேக்கறது உங்க கொரல்தான்."

"ஆமாங்க. ஆனா பேச்சு உங்களுது."

"சேத்தியும் சொல்ல வேணாங்க, கொறைச்சும் சொல்ல வேணாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். பானர்ஜியே சேலை கட்டிக்கொண்டு வந்து சொன்னது போல இருந்தது.

காலை நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம், நடந்ததே சுருக்கம்தான். பதினொரு மணிக்குக் கேள்வி நேரம் தொடங்கியது. முதல் கேள்விக்கு அமைச்சர் எழுந்தார். எதிர்ப்பக்கம் பதாகையோடு எழுந்தது. இந்தப் பக்கம் அதைவிடச் சத்தமாக எழுந்தது. இருக்கைக்குப் போங்கள், இருக்கைக்குப் போங்கள் என்று அவைத் தலைவர் மன்றாடினார். அதையும் நாங்கள் மொழிபெயர்த்தோம். சபை ஒத்திவைக்கப்பட்டது. மறுபடி கூடியதும் அமைச்சர்கள் வரிசையாக எழுந்து ஆவணங்களை மேசையில் வைத்தார்கள். யாரும் அவற்றைப் பார்க்கவில்லை. காலையில் ஒருவரையொருவர் கடித்துக் குதறுவது போலக் கத்தியவர்கள் உணவு இடைவேளையில் ஒரே மேசையில் ஒருவர் தட்டிலிருந்து இன்னொருவர் எடுத்துச் சாப்பிட்டார்கள். நட்பு இருக்கட்டும், நல்லதுதான். சண்டைதான் பொய்.

அந்த இடைவேளையில் எங்கள் அறைக்கு இன்னொருவர் வந்தார். செண்பகத்தின் கட்சிக்குச் சபையில் தலைவர். எல்லாரும் அவரை அண்ணன் என்றுதான் அழைப்பார்கள். வயதில் மூத்தவர்களும்கூட. இடி முழக்கம் போலப் பேசுவார். பேசி முடித்ததும் மறக்காமல் என்னிடம் ஆளனுப்பி, "நம்ம ஸ்பீச்சு இங்கிலீஷ்ல கம்பீரமா வந்துச்சான்னு கேட்டு வா" என்பார். வெறும் சத்தத்துக்கு ஆங்கிலம் ஏது?

அன்று அவரே நேரில் வந்தார். கையில் அந்தத் திருத்தத் தாள். யாரோ படித்துச் சொல்லியிருக்கிறார்கள்.

"வாம்மா, நல்லா இருக்கியா? நீயும் நம்ம பக்கந்தானே" என்று உரிமையோடு ஆரம்பித்தார். "எங்க செண்பகம்மா தெரியாத்தனமா ஒரு திருத்தம் குடுத்து வெச்சிருக்குது. பாவம், சபை நடைமுறை தெரியாது. நாங்க இந்த மசோதாவ எதிர்த்துப் பேசிட்டு, கடைசியில ஓட்டெடுப்புக்கு முன்னால வெளிநடப்பு பண்றோம். அதான் முடிவு. நடுவுல இது எதுக்கு?"

"அவங்ககிட்டயே சொல்லலாமேங்க" என்றேன்.

"சொல்லியாச்சு. தலையத் தலைய ஆட்டுது. ஒண்ணும் வெளங்கல. அவைத் தலைவர் கேக்கும்போது அது ஏதாச்சும் கொழப்பிச்சுன்னா, நீ வாபஸ்ன்னு ஒரு வார்த்தையில முடிச்சுடு. ஒனக்குத் தெரியாததா?"

எதிர்த்துப் பேசிவிட்டு ஏன் எதிர்த்து ஓட்டுப் போடக்கூடாது என்று படிக்கிறவர்களுக்குத் தோன்றலாம். எனக்குத் தோன்றுவது அதற்கு முன்பே நின்றுபோயிருந்தது. பேச்சு ஊருக்கு. வெளிநடப்பு டிவிக்கு. ஓட்டுப் போடாமல் இருப்பது மேலே யாருக்கோ கொடுத்த வாக்குக்கு. வெளியே போய்விட்டால் சபைக்குள் எதிர்ப்பு ஓட்டு குறையும், மசோதா சிரமமில்லாமல் நிறைவேறும், இவர் வீரமாக வெளியேறிய படமும் கிடைக்கும். இதில் இன்னொரு சாமர்த்தியம் இருந்தது. கட்சி உறுப்பினர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று கொறடா எழுத்தில் உத்தரவு கொடுத்தால் அதை மீறுகிறவரின் பதவியையே பறிக்க முடியும். ஆனால் "ஓட்டுப் போடாதே" என்று எழுதிக் கொடுத்தால் நாளைக்கு யாராவது அதை எடுத்துக் காட்டுவார்கள். அதனால் உத்தரவு வாயால்தான்.

நான் பதில் சொல்வதற்குள் பானர்ஜி உள்ளே வந்தார். தமிழ் அவருக்குத் தெரியாது. ஆனால் ஓர் உறுப்பினர் மொழிபெயர்ப்பாளர் அறையில் குனிந்து மெதுவாகப் பேசுகிறார் என்றால் என்ன விஷயம் என்று கண்டுபிடிக்க எந்த மொழியும் தேவையில்லை. "ஐயா வழி தவறி வந்துவிட்டீர்கள் போல. உறுப்பினர்களின் சாப்பாட்டு அறை கீழே" என்று கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். அண்ணன் போகும்வரை அந்தக் கதவை விடவில்லை.

பிறகு என்னிடம் கேட்டார்: "மதியம் உங்களுக்குப் பதில் வேறு ஒருவரைப் போடட்டுமா?"

"வேண்டாம் சார்."

"சரி" என்றார். அவ்வளவுதான்.

மதியம் விவாதம். அண்ணன் எழுந்தார். என் உடலில் கடைசிச் சொட்டு ரத்தம் இருக்கும்வரை ஓர் அங்குல மலை நிலத்தையும் விட மாட்டேன் என்றார். நானும் சொன்னேன், என் உடலில் கடைசிச் சொட்டு ரத்தம் இருக்கும்வரை என்று. மலைவாழ் மக்களின் குழந்தைகளைப் பற்றிப் பேசும்போது அவர் குரல் உடைந்தது. உடைந்த குரலைச் சரிசெய்ய ஒரு மிடறு தண்ணீர் குடித்தார். சாமை, தினை விளைகிற பூமி என்று சொல்ல வந்தவர், தினைக்குப் பதில் கோதுமை என்றார். நானும் கோதுமை என்றேன். சித்தேரி மலையில் கோதுமை விளைந்த ஒரே நாள் அதுதான்.

அமைச்சர் பதில் சொன்னார். அடுத்து மசோதாவின் பிரிவுகளை ஒவ்வொன்றாக எடுத்து, இது சட்டத்தில் இருக்கட்டுமா என்று கேட்டுக்கொண்டே போவார்கள். வெளியாட்களுக்குத் தூக்கம் வரும் பகுதி அது. உறுப்பினர்களுக்கும்தான். அண்ணன் கட்சிக்காரர்கள் சிலர் வெளிநடப்புக்கு முன் தலை வாரிக்கொள்ளப் போய்விட்டார்கள். அண்ணன் ஆளுங்கட்சிப் பக்கம் போய் ஓர் அமைச்சரின் பக்கத்தில் உட்கார்ந்து தோளில் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். கடைசிச் சொட்டு ரத்தம் அவர் உடலில் சுகமாக ஓடிக்கொண்டிருந்தது.

அப்போது அவைத் தலைவர் நாற்காலியில் இருந்து சபையை நடத்தியவர் வடக்கத்தி முதியவர். அவருக்குத் தமிழ் தெரியாது. திருத்தம் வந்தது. செண்பகத்தின் பெயரைத் தப்பாக உச்சரித்து, "உங்கள் திருத்தத்தை முன்மொழிகிறீர்களா?" என்று கேட்டார்.

செண்பகம் எழுந்தார். நான் மைக்கைத் திறந்தேன். பின்னால் கதவு மெல்லத் திறந்து மூடுவது தெரிந்தது. பானர்ஜி.

"முன்மொழியறங்க" என்று ஆரம்பித்து செண்பகம் ஒரு நிமிடம்தான் பேசியிருப்பார். "மலையில நான் புள்ளைங்களுக்குச் சத்துமாவு குடுத்தவ. ஒரு புள்ளைக்கு ஊசி போடணும்னாகூட ஆத்தாகிட்ட கேட்டுட்டுத்தான் போடுவோம். வேணாம்னா போட மாட்டோம். மறுபடியும் போய்ச் சொல்லிப் புரிய வெப்போம். கேக்கறதுன்னா அதுதாங்க கேக்கறது. நீங்க கேட்டுட்டு, அவங்க வேணாம்னு சொன்னதுக்கு அப்பறமும் எடுப்பீங்கன்னா, அதுக்கு எதுக்குங்க கேக்கணும்?"

நான் அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். ஆத்தா என்ற இடத்தில் தாய் என்றேன். வேறு எதுவும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. தூங்கிக்கொண்டிருந்த சிலர் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்கள். தலைவர் கேட்டார்: "அமைச்சர் விளக்கம் கொடுத்துவிட்டார். திருத்தத்தைத் திரும்பப் பெறுகிறீர்களா, வாக்கெடுப்புக்கு விடட்டுமா?"

எதிர்ப்பக்கத்திலிருந்து அண்ணன் எழுந்து ஆங்கிலத்தில் கத்தினார்: "வித்ட்ரான்! வித்ட்ரான்!"

செண்பகம் அந்தப் பக்கம் திரும்பினார். "அவரு திருத்தமா இருந்தா அவரு வாபஸ் வாங்கிக்கட்டுங்க. இது என்னுதுங்க."

சொன்னேன். சபை சிரித்தது. அண்ணன் சிரிக்கவில்லை. அமைச்சர் பக்கத்தில் இருந்தபடியே தன் ஆட்களைப் பார்த்துக் கையை அசைத்தார். உடனே செண்பகத்தைச் சுற்றியிருந்தவர்கள் எழுந்து ஆளுக்கொன்றாகப் பேச ஆரம்பித்தார்கள். ஒருவர் அவருடைய மைக்கின் பக்கம் குனிந்து கத்தினார். அந்த இரைச்சலுக்குள் செண்பகத்தின் வாய் அசைந்தது. என் காதில் விழுந்தது ஒரே ஒரு சொல்.

"...விடுங்க."

தமிழ் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஓட்டுக்கு விடுங்க என்றாலும் விடுங்கதான். போகட்டும் விடுங்க என்றாலும் விடுங்கதான். ஒன்று வாக்கெடுப்பு. மற்றது வாபஸ்.

"விடுங்கன்னு சொல்லிட்டாங்க! லீவ் இட்டுன்னு சொல்லிட்டாங்க!" என்று அண்ணன் கத்தினார். தமிழில் அவ்வளவு கூர்மையான காது அவருக்கு இருந்தது அன்றைக்குத்தான் தெரிந்தது.

தலைவர் என் பக்கம், கண்ணாடி அறையை நோக்கி, நிமிர்ந்து பார்த்தார். ஹெட்போனைத் தொட்டுக் காட்டினார். என் ஆங்கிலத்துக்காகக் காத்திருக்கிறார். அந்த அம்மா என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. காலையில் அறைக்கு வந்து பேசியவர், இப்போதுதான் இது என்னுது என்றவர், அடுத்த மூச்சில் போகட்டும் விடுங்க என்பாரா? வாக்கெடுப்புக்கு விடுங்கள் என்று நான் சொல்லியிருந்தால் யாரும் என்னைக் கேட்டிருக்க முடியாது. சொல்லத் துடித்தேன் என்பதும் உண்மை.

ஆனால் எனக்குக் கேட்டது ஒரு சொல்தான். கேட்காததைச் சொல்ல எனக்கு உரிமையில்லை. நல்லவருக்காக இன்று ஒரு சொல்லைச் சேர்த்தால், நாளை அண்ணன் வந்து கேட்கும்போது மறுக்க என்னிடம் என்ன இருக்கும்? மைக்கில் சொன்னேன்: "மொழிபெயர்ப்பாளருக்குச் சரியாகக் கேட்கவில்லை. உறுப்பினர் சொன்னதை மறுபடி சொல்லும்படி தலைவர் கேட்டுக்கொள்ள வேண்டும்."

தலைவர் முதியவர், ஆனால் நாற்காலியின் மதிப்பு தெரிந்தவர். கையை உயர்த்திச் சபையை அடக்கினார். "உறுப்பினர் சொல்வது எனக்குக் கேட்க வேண்டும். அவர் மட்டும் பேசட்டும். நீங்கள் சொன்னதைத் திரும்பச் சொல்லுங்கள் அம்மா."

செண்பகம் அண்ணனைப் பார்க்கவில்லை. நேராகத் தலைவரைப் பார்த்து, மலையில் எதிர்ச்சரிவில் இருக்கிறவரைக் கூப்பிடுகிற குரலில் சொன்னார்: "ஓட்டுக்கு விடுங்க! பேரோட ஓட்டு! யாரு யாரு என்ன போட்டாங்கன்னு தெரியணும்."

நான் சொன்னேன். சொல்லும்போது என் குரல் வழக்கத்தைவிடக் கொஞ்சம் சத்தமாக இருந்திருக்கலாம். மூலமும் சத்தமாகத்தான் இருந்தது.

முதலில் வழக்கப்படி குரல் வாக்கு. ஆம் என்பவர்கள், இல்லை என்பவர்கள். இல்லை என்பவர்களே வென்றார்கள் என்றார் தலைவர். "டிவிஷன்!" என்றார் செண்பகம், இந்தச் சொல்லை ஆங்கிலத்திலேயே. எதிர்க்கட்சிகளில் வேறு சிலரும் எழுந்து கேட்டார்கள். டிவிஷன் என்றால் ஒவ்வொருவரும் தன் தன் இருக்கையில் இருந்து பொத்தானை அழுத்த வேண்டும். ஆம் என்றால் பச்சை, இல்லை என்றால் சிவப்பு, இரண்டும் இல்லை என்றால் மஞ்சள். யார் எதை அழுத்தினார் என்பது பதிவாகும். சபை முகப்பைக் காலி செய்யுங்கள் என்றார் தலைவர். கட்டிடம் முழுக்க மணி அடிக்க ஆரம்பித்தது. மணி ஓய்ந்ததும் கதவுகளை அடைத்துவிடுவார்கள். பிறகு முடிவு அறிவிக்கும்வரை உள்ளே வரவும் முடியாது, வெளியே போகவும் முடியாது.

செண்பகத்தைச் சுற்றிக் கத்தியவர்கள் உடனே வெளியே நழுவினார்கள். அண்ணனுக்கு இது புரியச் சிறிது நேரமானது. புரிந்ததும் எழுந்தார். அமைச்சரின் இருக்கை ஒரு கோடி, வெளிவாசல் மறுகோடி. நடுவே வாக்களிக்க உள்ளே ஓடிவருகிறவர்கள் கூட்டம். வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எதிரே வந்தவர்களைத் தோளால் தள்ளிக்கொண்டு, ஏறக்குறைய ஓடினார். மேலேயிருந்து பார்க்க நன்றாகத் தெரிந்தது. வாசலுக்கு இரண்டு எட்டு இருக்கும்போது மணி நின்றது. காவலர் பணிவாகக் குனிந்து வணங்கி, கதவைச் சாத்தினார்.

பானர்ஜி என் பின்னால் நின்று இருமினார். அவர் இருமி நான் கேட்டதில்லை. அது இருமல்தானா என்று இன்றும் தெரியாது.

வேறு வழியில்லாமல் அண்ணன் தன் இருக்கைக்கு வந்து உட்கார்ந்தார். பச்சையை அழுத்தினால் மேலே கொடுத்த வாக்கு போச்சு. சிவப்பை அழுத்தினால் ஊரில் முகம் போச்சு. முன்வரிசைக்காரர் என்பதால் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொத்தானை அழுத்தச் சொல்லும் மணியோசை வந்தது. பலகையில் விளக்குகள் எரிந்தன. பெருங்கூட்டமாகச் சிவப்பு. அந்தக் கட்சியின் இடத்தில் ஒரே ஒரு பச்சை. முன்வரிசையில் ஒரு மஞ்சள்.

திருத்தம் தோற்றது. தோற்கும் என்பது செண்பகத்துக்கும் தெரியும். கதவு திறந்ததும், தலை வாரிக்கொண்டவர்களும் நழுவியவர்களும் திரும்பி வந்தார்கள். மசோதா நிறைவேற்றத்துக்கு வந்த நிமிடத்தில் அண்ணன் துள்ளி எழுந்து, இந்த அநியாயத்தைக் கண்டித்து வெளிநடப்புச் செய்கிறோம் என்றார். அநியாயம் என்ற சொல்லுக்கு நல்ல ஆங்கிலச் சொல் இருக்கிறது. சொன்னேன். அவர்கள் கோஷம் போட்டபடி போனார்கள். செண்பகம் உட்கார்ந்தே இருந்தார். மசோதாவுக்கு இல்லை என்று அந்தக் கட்சியில் அவர் மட்டும் குரல் கொடுத்தார். மசோதா நிறைவேறியது. மாலைச் செய்தியில் வெளிநடப்பைக் காட்டினார்கள். அண்ணன் வேட்டி மடிப்புக் கலையாமல் நடந்தார்.

மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றே குழப்பம் செய்தார் என்று அவர் என் மேல் புகார் கொடுத்தார். பானர்ஜி ஒலிப்பதிவை வரவழைத்து, தமிழ் தெரிந்த இன்னொரு மொழிபெயர்ப்பாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முழுவதும் கேட்டார். ஒலி தெளிவாக இல்லாதபோது முறைப்படி திரும்பச் சொல்லக் கேட்கப்பட்டது, மொழிபெயர்ப்பில் பிழையில்லை என்று மேலிடத்துக்கு எழுதி அனுப்பினார். பிறகு என்னைக் கூப்பிட்டார். ஒரு நல்ல வார்த்தை வரப்போகிறது என்று நம்பிப் போனேன்.

"ஓட்டு வித் நேம்ஸ் என்றீர்கள். பை நேம் என்பதுதான் பொருத்தம்."

"சரி சார்."

"உட்காருங்கள். டீ குடிக்கலாம்" என்றார். அவருடைய அறையில் யாரும் டீ குடித்து நான் பார்த்ததில்லை.

எழுத்தில் உத்தரவு இல்லாததால் செண்பகத்தின் பதவியை அவர்களால் தொட முடியவில்லை. அடுத்த தேர்தலில் சீட்டுக் கொடுக்கவில்லை, அவர் தொகுதியில் அண்ணனே நின்றார், அவ்வளவுதான். அதற்குள் நான் ஓய்வு பெற்று தருமபுரிக்கு வந்துவிட்டேன். அவர் மலையடிவாரத்தில் அம்மா வீட்டோடு இருந்தார். அரூர் பஸ் பிடித்து அவ்வப்போது பார்க்கப் போவேன். அப்படிப் போயிருந்த ஒரு நாள், அண்ணனின் பிரசார வேன் அங்கே வந்தது. கடைசிவரை எதிர்த்து ஓட்டுப் போட்டவன் நான் என்று மைக்கில் முழங்கினார்.

கூட்டத்தில் நின்றிருந்த செண்பகம் சத்தமாகவே கேட்டார்: "அண்ணே, நீங்க அமுத்துனது மஞ்சளுங்களே. பின்வரிசையில நாந்தானே இருந்தேன்?"

"தங்கச்சிக்கு என் மேல கோவம்" என்று அண்ணன் சிரித்தார்.

சாமை விவசாயி ஒருவர் விடவில்லை. "கோவம் கெடக்கட்டும் சாமி. எந்தப் பட்டன அமுத்துனீங்க? அத மட்டும் சொல்லிட்டுப் போங்க."

மெஷின் கோளாறு என்றார் அண்ணன். வேன் நகர்ந்தது. அந்த மலையில் அவருக்கு ஓட்டு விழவில்லை என்று சொன்னார்கள். மற்ற எல்லா இடத்திலும் விழுந்தது. பெரிய வெற்றி. இப்போது மலைப்பகுதி முன்னேற்றத்துக்கென்று ஏதோ குழுவில் இருக்கிறாராம். பொருத்தமான ஆள்தான்.

போன வாரம் சித்தேரிக்கு மேலே ஒரு சிற்றூரில் கூட்டம் போட்டார்கள். மலைமேல் சுற்றுலா விடுதி கட்டப் போகிறார்களாம். வந்திருந்த அதிகாரிக்குத் தமிழ் வராது. செண்பகம் போன் செய்து, "நீங்க வந்து எடுத்துச் சொல்லுங்க" என்றார். போனேன். ஊரே திரண்டு உட்கார்ந்திருந்தது. ஒவ்வொருவராக எழுந்து வேண்டாம் என்றார்கள். எங்க மண்ண எடுக்க வேணாம், எங்க சாமி எடத்தத் தொட வேணாம், எங்க புளியமரத்த வெட்ட வேணாம். ஒவ்வொரு வேண்டாமையும் நான் ஆங்கிலத்தில் சொன்னேன். இளம் அதிகாரி. கெட்டவர் இல்லை. கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். எல்லாரும் முடித்ததும் எழுந்து கைகூப்பி, "மிக்க நன்றி. கலந்தாலோசனை நல்லபடியாக முடிந்தது" என்றார்.

அதையும் நான்தான் தமிழில் சொன்னேன். அதிகாரி கொண்டுவந்த பிஸ்கட்டை யாரும் தொடவில்லை.

முந்தாநாள் அளவுக்கல் நட வந்திருக்கிறார்கள். குழி தோண்டிய இடத்தில் செண்பகம் போய் உட்கார்ந்துகொண்டார். பின்னாலேயே ஊர்ப் பெண்கள் எல்லாரும் போய் உட்கார்ந்துவிட்டார்களாம். சமையல் அங்கேயே நடக்கிறது. நாளைக்கு மேலதிகாரி ஒருவர் பேச்சுவார்த்தைக்கு வருகிறார், அவருக்கும் தமிழ் வராது என்று செண்பகம் காலையில் போன் செய்தார். "உங்களுக்குச் சோறு எடுத்து வெக்கறேங்க. பாய் மட்டும் கொண்டாந்துருங்க, எத்தன நாளாவும்னு தெரியல" என்றார்.

டெல்லிப் பெண்ணே, நீ கேட்டதை எழுதிவிட்டேன். நல்ல விதமாக வந்திருக்கிறதா என்று திரும்பப் படித்துப் பார்க்க நேரமில்லை. அரூருக்கு முதல் பஸ் பிடிக்க வேண்டும்.